சட்டத்தில் இல்லாத தாத்தா

பொங்கலுக்கு நாலு நாள் என்று சொல்லித்தான் சத்யநாராயணன் தன் மகள் மகிழினியைக் கூட்டிப்போனான். நாலு கவுன், வீசிங் மருந்து, கொசு கடித்தால் தடவும் களிம்பு எல்லாவற்றையும் ஒரு பையில் வைத்துக் கொடுத்தார் குழந்தையின் தாத்தா சிட்டிபாபு. எந்த மருந்தை எத்தனை தடவை என்று ஒரு தாளில் எழுதியும் வைத்தார். காணும் பொங்கலன்று சாயங்காலம், சொன்ன நேரத்துக்கு ஊரப்பாக்கம் போய், மருமகன் குடியிருக்கும் அடுக்குமாடி வாசலில் வேனை நிறுத்தினார்.

செக்யூரிட்டி ஒரு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "சார், உங்கள உள்ள விடக்கூடாதுன்னு பிளாட்லேர்ந்து எழுதிக் குடுத்திருக்காங்க."

"யாரை? நான் கொயந்தையோட தாத்தாபா."

"பேர் போட்டுத்தான் குடுத்திருக்காங்க சார். சிட்டிபாபு, சேலையூர்."

வாசலிலேயே நின்று போன் செய்தார். சத்யநாராயணன் எடுக்கவில்லை. திரும்பத் திரும்பச் செய்தபின் ஒரு மெசேஜ் வந்தது. 'மகிழினி இனிமேல் எங்களோடுதான் இருப்பாள். இங்கேயே பள்ளியில் சேர்க்கப் போகிறோம். தயவுசெய்து தொந்தரவு செய்ய வேண்டாம்.'

அந்த மெசேஜை வேனுக்குள் உட்கார்ந்து மூன்று தடவை படித்தார். மூன்று வருஷம் எட்டு மாதம் தோளில் போட்டு வளர்த்தவனுக்கு வந்து சேர்ந்த பட்டம், தொந்தரவு.

சிட்டிபாபுவைத் தெரியாதவர்கள் கேம்ப் ரோட்டில் குறைவு. பதினெட்டு வருஷமாக ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் என்று சுற்றிப் பதினாறு பிள்ளைகளை ஏற்றுவார். பிள்ளையை வாசலுக்கு அனுப்ப இரண்டு நிமிஷம் தாமதமானால் ஐ.டி. கம்பெனி மேனேஜராக இருந்தாலும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். கோபக்காரர். ஆனால் வேனுக்குள் இருக்கும் பிள்ளைகளிடம் அந்தக் குரல் ஒருநாளும் உயர்ந்ததில்லை.

அவருக்கு ஒரே மகள், தேவதர்ஷினி. பி.காம். முடித்து மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே இன்ஜினியராக இருந்தவன் சத்யநாராயணன். சேலையூரிலேயே காலனிப் பக்கம் வீடு. அப்பா, அம்மா இருவரும் ரிட்டயர்டு டீச்சர்கள். வேன் டிரைவர் மகளா என்று அவர்கள் கல்யாணத்துக்கே வரவில்லை. சிட்டிபாபுதான் முன்னால் நின்று நடத்தினார். 2020-ல் மகிழினி பிறந்தாள். மறு வருஷம் மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒன்பதாம் நாள் தேவதர்ஷினி போய்விட்டாள். இருபத்தாறு வயது. குழந்தைக்கு எட்டு மாதம்.

அன்றைக்குப் போனில் அழுதுகொண்டே சத்யநாராயணன் சொன்னது இதுதான்: "மாமா, எனக்கு ஒண்ணுமே புரியல. குழந்தைய நீங்களே வச்சுக்குங்க."

பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்ததால் வேன் ஓடவில்லை. சிட்டிபாபுவின் மனைவி பொன்னியம்மாள் தாம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர். அவளுக்கு அந்த நேரத்தில் லீவே கிடையாது. ஆகவே குழந்தையை வளர்த்தது சிட்டிபாபுதான். பால் கலக்கப் பழகினார். நெபுலைசர் மாஸ்க்கைக் குழந்தை தட்டிவிடாமல் பிடிக்கப் பழகினார். ஐம்பத்தைந்து வயதில் யூடியூப் பார்த்து இரட்டைப் பின்னல் போடக் கற்றுக்கொண்டார். பள்ளிக்கூடங்கள் திறந்தபின் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அவளுக்கென்று ஒரு சின்ன சீட்டு போட்டு, காலையும் மாலையும் கூடவே கூட்டிக்கொண்டு சுற்றினார்.

சத்யநாராயணன் முதலில் வாரம் தவறாமல் வந்தான். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பிறகு மாதம் ஒரு தடவை, பிஸ்கட் பாக்கெட்டோடு. அவன் வந்தால் குழந்தை தாத்தாவின் லுங்கிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். அவன் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவான். 2024 நவம்பரில் அவனுக்கு மறுகல்யாணம் ஆன விஷயம்கூட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்துத்தான் சேலையூருக்குத் தெரிந்தது. இரண்டாம் மாதம் குழந்தையைக் கொண்டுபோய்விட்டான்.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார் சிட்டிபாபு. அங்கிருந்தவர் மரியாதையாகவே சொன்னார். "பெத்த அப்பா கூட்டிட்டுப் போனா அது கடத்தல் இல்ல பெரியவரே. கோர்ட்டுக்குத்தான் போகணும்."

மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஆபீஸ் வைத்திருந்தார் வக்கீல் லாசரஸ். முழுக்கதையையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அண்ணே, உள்ளத உள்ளபடி சொல்லிடறேன். அம்மா இல்லாத குழந்தைக்கு அப்பாதான் சட்டப்படி இயற்கைப் பாதுகாவலர். தாத்தா பாட்டிக்கு இன்ன உரிமைன்னு தனியா ஒரு வரி நம்ம சட்டத்துல கிடையாது."

"அப்ப நான் யாரு?"

"சட்டத்துக்கு நீங்க ஒரு சொந்தக்காரர். அவ்வளவுதான்."

"இன்னா சார் பேசறீங்க? மூணு வருஷம் எட்டு மாசம் யாரு வளத்தா? அந்தச் சட்டமா வந்து கக்கூஸ் கய்வி வுட்டுது?"

"கத்தாதீங்க. முழுசாக் கேளுங்க. சட்டத்துல உங்களுக்குத்தான் வரி இல்ல. குழந்தையோட நலன்தான் முக்கியம்னு ஒரு வரி இருக்கு. அப்பாவோட உரிமைகூட அதுக்கு அப்புறம்தான். நாம அந்த வரியப் பிடிச்சுக்கிட்டுத்தான் உள்ள போகணும். குழந்தைய எங்ககிட்டயே ஒப்படைக்கணும்னு கேட்போம். அது இல்லேன்னா பார்க்கவாவது அனுமதி குடுங்கன்னு கேட்போம்."

"பாக்கறதுக்கு அனுமதியா? என் பேத்திய நான் பாக்கறதுக்கா?"

"ஆமா."

"அவனோட அப்பா அம்மா போய்ப் பாத்துகினு கீறாங்களே! கல்யாணத்துக்கே வராதவங்க! அவங்க எந்த கோர்ட்டுல சார் மனு போட்டாங்க?"

லாசரஸ் வக்காலத்துப் படிவத்தை எடுத்து நீட்டினார்.

செங்கல்பட்டு கோர்ட்டில் மனு பதிவானது. சத்யநாராயணனின் பதில் மனு வர ஐந்து மாதம் ஆனது. லாசரஸ் அதை நிதானமாகப் படித்துக் காட்டினார். 'மனுதாரர் போதிய கல்வியறிவு இல்லாதவர். முரட்டுச் சுபாவம் கொண்டவர். அவரது வளர்ப்பில் குழந்தை "இன்னா", "கீது", "வூடு" போன்ற கொச்சைச் சொற்களைப் பேசக் கற்றுக்கொண்டுள்ளது. பாட்டியை "ஆயா" என்று அழைக்கிறது. இச்சூழல் குழந்தையின் எதிர்காலத்துக்கு உகந்ததல்ல.'

பொன்னியம்மாளும் கூட வந்திருந்தாள். "ஆயான்னு கூப்புடாம வேற எப்டி கூப்புடுவா?" என்று கேட்டாள். "எங்க ஆயாவ நான் அப்டித்தானே கூப்ட்டேன்."

சிட்டிபாபு எழுந்து நின்றுவிட்டார். "என் பொண்ணும் இப்டித்தானே சார் பேசுனா? அவகிட்ட லவ்வு சொன்னப்போ இவனுக்குக் காது அடைச்சிகினு இருந்துச்சா? இப்பத்தான் தொறந்துச்சா?"

அந்தக் கோபம் வீடு வந்தும் அடங்கவில்லை. சாப்பிடும்போது தட்டைத் தள்ளினார். வேனில் ஹாரனை ஓங்கி ஓங்கி அடித்தார். அடுத்த வாரம், வேன் ஓட்டுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் விசாரித்து, மகிழினி படிக்கிற பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடித்தார். தூரத்தில் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுவதாகப் பொன்னியம்மாளிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

மூன்றரை மணிக்குப் பள்ளி விட்டது. சத்யநாராயணன் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை வெளியே வந்தாள். முடி இல்லை. இடுப்பைத் தொட்டுக்கொண்டிருந்த முடியைக் காதோடு வெட்டியிருந்தார்கள். தினமும் காலையில் எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, வலிக்குது தாத்தா என்றால் ஊதி ஊதிப் பின்னிய முடி.

ரோட்டை எப்படிக் கடந்தார் என்று அவருக்கே நினைவில்லை. மருமகனின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார். "யாரைக் கேட்டுடா வெட்டுன? யாரைக் கேட்டு?" பட்டன் தெறித்தது. சுற்றியிருந்த அம்மாக்கள் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். அப்போது மகிழினி வீறிட்டாள். ஆறு மாதம் கழித்துப் பார்த்த தாத்தாவின் தொடையில் இரண்டு கையாலும் குத்திக்கொண்டே கத்தினாள்.

"வுடு! எங்கப்பாவ வுடு!"

கையை விட்டுவிட்டார். குழந்தையின் டவுசர் நனைந்திருந்தது. சத்யநாராயணன் அவளைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டான்.

லாசரஸ் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். "எதிர்த்தரப்புக்கு ஒரு சாட்சி குறைஞ்சுது. நீங்களே போய் நின்னுட்டீங்க. முரடன்னு அவன் எழுதுனான். நீங்க வீடியோ எடுத்துக் குடுத்துட்டு வந்திருக்கீங்க. இனிமே என்னைக் கேக்காம ஊரப்பாக்கம் பக்கம் காலை வச்சா வேற வக்கீலப் பாத்துக்குங்க."

குழந்தை பயந்து நனைத்துக்கொண்டதை மட்டும் வீட்டில் பொன்னியம்மாளிடம்கூடச் சிட்டிபாபு சொல்லவில்லை.

வீடியோ வந்ததால் வழக்கு இழுத்தது. எதிர்த்தரப்பு வக்கீல் வாய்தா மேல் வாய்தா வாங்கினார். கடைசியில், தீர்ப்பு வரும்வரை மாதம் ஒரு சனிக்கிழமை, கோர்ட் வளாகத்திலிருக்கும் குழந்தைகள் அறையில், ஆலோசகர் முன்னிலையில் ஒரு மணி நேரம் பார்க்கலாம் என்று இடைக்கால உத்தரவு வந்தது.

முதல் சனிக்கிழமை இரண்டு பேரும் தாம்பரத்தில் ரயிலேறிப் போனார்கள். அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் கரடி படம். மகிழினியைக் கூட்டிவந்தவள் சத்யநாராயணனின் இரண்டாவது மனைவி சுந்தரவல்லி. முப்பது வயது இருக்கும். குழந்தையை உள்ளே விட்டுவிட்டு, போய் வராண்டாவில் உட்கார்ந்துகொண்டாள்.

குழந்தை கிட்டே வரவில்லை. பத்து நிமிஷம் கதவருகிலேயே நின்றாள். சிட்டிபாபுவும் கூப்பிடவில்லை. தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து அங்கிருந்த கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பிறகு அவள் இரண்டடி முன்னால் வந்து, காதுக்குள் சொல்வதுபோலக் கேட்டாள்.

"தாத்தா, நீதான் என்ன வேணாம்னு சொல்லிட்டியா?"

அவர் கை அப்படியே நின்றது. "யாரு சொன்னா கண்ணு?"

"அப்பா. நான் மருந்து குடிக்காம துப்புனேன்ல... அதுக்கா?"

பொன்னியம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சிட்டிபாபுவுக்கு நெற்றி நரம்பு புடைத்தது. வராண்டாவின் மறுகோடியில், தூணுக்குப் பக்கத்தில், சத்யநாராயணன் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஜன்னல் வழியே தெரிந்தது. இருபதடி தூரம்கூட இருக்காது. ஐந்து வயதுப் பிள்ளை பத்து மாதமாக, தான் மருந்தைத் துப்பியதால்தான் தாத்தா துரத்திவிட்டார் என்று நினைத்துக்கொண்டு படுத்து எழுந்திருக்கிறது. எழுந்து போய் அவன் கன்னத்தில் ஒன்று வைத்தால் யார் தடுப்பது?

சுவர்க் கடிகாரத்தில் இன்னும் நாற்பத்தெட்டு நிமிஷம் இருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

"நான் சொல்லவே இல்ல கண்ணு," என்றார். "நீ துப்புனா இன்னா, தாத்தா மேல வாந்தியே எடுத்துருக்க. எத்தினி தபா எடுத்துருக்க தெரியுமா? தாத்தா உன்ன வேணாம்னு சொல்வேனா? உன்னப் பாக்கணும்னுதான் இங்க வந்து, இந்த ஜட்ஜம்மாகிட்ட எயுதிக் குடுத்துருக்கேன்."

"நெசமாவா?"

"நெசமா. அந்த அக்காவ வேணா கேளு." ஆலோசகரைக் காட்டினார். அந்தப் பெண் தலையாட்டினாள். அதன்பிறகுதான் மகிழினி வந்து பொன்னியம்மாள் மடியில் உட்கார்ந்தாள். மீதி நேரமெல்லாம் கட்டைகளை அடுக்கினார்கள்.

வெளியே வந்ததும் லாசரஸிடம் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். லாசரஸ் அங்கேயே நின்று பிரமாணப் பத்திரத்துக்குக் குறிப்பெடுத்துக்கொண்டார். ஆலோசகரும் தன் அறிக்கையில் அதை எழுதியிருந்தார்.

இறுதி விசாரணையில் நீதிபதி அம்மா முதலில் குழந்தையோடு தன் அறையில் தனியாகப் பேசினார். பிறகு சத்யநாராயணனைக் கேட்டார். "தாத்தா உன்னை வேணாம்னு சொல்லிட்டார்னு குழந்தைகிட்ட சொன்னீங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தினமும் கேட்டுட்டே இருந்தா மேடம். என்ன சொல்றதுன்னு தெரியல. அவ என்கிட்ட வந்ததே கிடையாது. நான் அப்பா. என்னைப் பாத்தா ஓடி ஒளிஞ்சுப்பா. அவங்க வீட்ல நான் விருந்தாளி மாதிரி உக்காந்துட்டு வருவேன்."

நீதிபதி சிட்டிபாபு பக்கம் திரும்பினார். "வீடியோ பார்த்தேன். உங்களுக்குக் கோபம் அடிக்கடி வருமா?"

"வரும்மா. இப்பவும் வருது."

லாசரஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

"அன்னிக்கி நான் செஞ்சது தப்பு," என்றார் சிட்டிபாபு. "கொயந்த பயந்துச்சு. அதுக்கு எனுக்கு இன்னா தண்டன வேணா குடுங்க. இன்னொண்ணும் சொல்லிட்றேன். அவன் வரும்போது அது என் பின்னாடி ஒளிஞ்சிக்கும்ல, அப்ப எனுக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம் இருந்துச்சும்மா. போ, அப்பாகிட்ட போன்னு நான் தள்ளி வுட்ருக்கணும். தள்ளல. அதுக்காவ நாலு நாள்னு பொய் சொல்லிக் கூட்டினு போவலாமா? கொயந்தகிட்டயே பொய் சொல்லலாமா? இவன் வச்சுக்கச் சொல்லித்தானே நான் வச்சிகினேன்? வேணும்ன்றப்போ வளக்கறதுக்கு ஆளு, வேணாம்ன்றப்போ தொந்தரவா?"

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். நீதிபதி கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து உத்தரவு வந்தது. குழந்தை தந்தையின் பொறுப்பிலேயே இருக்கும். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை, தாய்வழித் தாத்தா பாட்டியோடு இருக்கும். கோடை விடுமுறையில் பத்து நாள். புதன்கிழமை தோறும் வீடியோ கால். வண்டலூர் ரயில் நிலைய வாசலில் ஒப்படைத்து, அங்கேயே திரும்பப் பெற வேண்டும். இரு தரப்பும் மற்றவரைப் பற்றிக் குழந்தையிடம் தவறாகப் பேசக் கூடாது.

"நல்ல ஆர்டர்ணே," என்றார் லாசரஸ். "அந்த வீடியோவுக்கு அப்புறம் இவ்வளவு கிடைக்கும்னு நானே நினைக்கல."

சிட்டிபாபு உத்தரவின் நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "மாசத்துக்குப் பதினாலு மணி நேரம் சார். ஒரு நாளுகூட முழுசா இல்ல. இத நல்ல ஆர்டர்ன்றீங்க."

முதல் ஞாயிற்றுக்கிழமை குழந்தை வந்தாள். இரண்டாவதும் வந்தாள். மூன்றாவது முறை, வண்டலூர் வாசலில் பன்னிரண்டு மணி வரை நின்றபின், 'லேசான ஜுரம்' என்று மெசேஜ் வந்தது. நான்காவது முறை, 'நண்பர் வீட்டில் விசேஷம்'. பொன்னியம்மாள் பயந்துபோய்க் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள், ஊரப்பாக்கம் கிளம்பிவிடுவாரோ என்று. கிளம்பவில்லை. நின்ற இடத்தில், பின்னால் ரயில் நிலையப் பெயர்ப்பலகை தெரிகிற மாதிரி, போனில் ஒரு போட்டோ எடுத்தார். அந்த போட்டோவோடும் இரண்டு மெசேஜோடும் திங்கட்கிழமை லாசரஸ் ஆபீஸ் படியேறினார். உத்தரவை மீறியதாக மனுப் போட்டார்கள். நீதிபதி சத்யநாராயணனை நிற்கவைத்து எச்சரித்தார். தவறிய இரண்டு நாளையும் ஈடுகட்டச் சொன்னார். அதிலிருந்து அவன் வரவில்லை. சுந்தரவல்லிதான் குழந்தையைக் கொண்டுவந்து விட்டாள்.

இப்போதும் அப்படித்தான் நடக்கிறது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் தண்ணியில் ஆடிவிட்டு, மீன் குழம்பு சோற்றை ஒரு பிடி பிடித்துவிட்டு, மகிழினி மூன்றரை மணிக்குத் தூங்கிப்போனாள். நாலேகாலுக்குக் கிளம்பினால்தான் ஐந்துக்குள் வண்டலூர் போய்ச் சேர முடியும். பொன்னியம்மாள் எழுப்ப மனசில்லாமல் விசிறிக்கொண்டே இருந்தாள். சிட்டிபாபு கடிகாரத்தைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், பிறகு யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ரயில் நிலைய வாசலில் நின்றார். சுந்தரவல்லி தூங்குகிற குழந்தையை அவரிடமிருந்து வாங்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"இனிமே தூங்கினா எழுப்பாதீங்க அங்கிள். ஆறு, ஆறரைக்குக் கொண்டு வாங்க. அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

"ஆர்டர்ல அஞ்சுன்னு கீதும்மா."

"எனக்கும் தெரியும். நான்தான் சொல்றேனே."

சிட்டிபாபு அவளை ஏற இறங்கப் பார்த்தார். நல்ல பெண்ணாகத்தான் தெரிந்தாள். நாலு நாள் என்று சொல்லிக் கூட்டிப்போனவனும் அன்றைக்கு நல்லவனாகத்தான் தெரிந்தான்.

"எயுதிக் குடும்மா," என்றார்.

அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு குழந்தையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையால் போனை எடுத்துத் தட்டச்சு செய்தாள். அவருடைய பையில் போன் சிணுங்கியது. எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். அங்கேயே நின்று அதை லாசரஸுக்கு அனுப்பிவிட்டுத்தான் வேனில் ஏறினார்.